நரம்பு வலிக்கு நாமக்கல் கட்-ஆஃப்

வலிக்கு டியூஷன் எடுக்கலாம் என்று முதலில் தோன்றியது சென்னியப்பனுக்குத்தான். வேறு ஊர்க்காரனுக்கு அது தோன்றியிருக்காது. நாமக்கல்லில் இருபது வருடம் உறைவிடப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் அவன். ஒரே வினாத்தாளை முப்பது தடவை எழுத வைத்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் விடை எழுதுகிற பிள்ளைகளை வருடாவருடம் தயாரித்து அனுப்பிய கூட்டத்தில் ஒருவன். மருத்துவச் சேர்க்கை முறை மூன்றாவது தடவையாக மாறியபோது பள்ளியை இழுத்து மூடி, கட்டிடத்தைக் கோழித் தீவனக் கிடங்குக்கு விட்டுவிட்டார்கள். சென்னியப்பனிடம் மிஞ்சியது ஒரு நம்பிக்கை மட்டும்தான். கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்கு மாடல் விடை என்று ஒன்று இருந்தே தீரும்.

மோகனூர் ரோட்டில் அரசு நரம்பு வலி மையம் திறந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே அமைதி ஊசி என்று ஒன்று போட்டார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஊசி. எந்த நரம்பு கோளாறாகிக் காரணமில்லாமல் கத்திக்கொண்டிருக்கிறதோ, அது வாயை மூடிக்கொள்ளும், ஆயுசுக்கும் திறக்காது. ஆனால் அடிபட்டதாலோ எலும்பு தேய்ந்ததாலோ வருகிற சாதாரண வலிக்கு அதைப் போடக் கூடாது. போட்டால் வலியோடு சேர்ந்து சூடு, குளிர், முள் எதுவுமே அந்த இடத்துக்குத் தெரியாமல் போய்விடும். இதையெல்லாம் மையத்தின் வாசலில் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்கச் சொன்னார்கள். நம் ஜனங்களின் காதில் ‘ஆயுசுக்கும் வலிக்காது’ என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. மூட்டு வலிக்காரர், இடுப்பு வலிக்காரர், மருமகள் வந்ததிலிருந்து தலை வலிப்பவர் என்று அத்தனை பேரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

இவர்களில் யாருடையது நிஜமான நரம்பு வலி என்று பிரித்தெடுக்கத்தான் கேள்விப்பெட்டி வந்தது. பதினாலாம் நம்பர் அறையில் ஒரு மேஜை, அதன் மேல் கண்ணாடி முகத்தோடு ஒரு பெட்டி. மிகவும் மரியாதையான பெண் குரலில் எட்டுக் கேள்வி கேட்கும். தீப்பட்டதுபோல் எரிகிறதா? எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதா? துணி பட்டாலே வலிக்கிறதா? கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று இழுக்கிறதா? இப்படியே எட்டு. ‘இல்லவே இல்லை’, ‘லேசாக’, ‘நன்றாக’, ‘தாங்க முடியாமல்’ என்று நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், ஆக மொத்தம் இருபத்து நாலு. ஒருவருக்கு வாழ்நாளில் மூன்று வாய்ப்பு.

இருபத்து நாலு மதிப்பெண், மூன்று அட்டெம்ப்ட். நாமக்கல்காரனிடம் போய் இதைச் சொல்லலாமா? சொன்னால் அவன் என்ன செய்வான் என்று கவர்மெண்ட்டுக்குத் தெரிய வேண்டாமா? சென்னியப்பன் இரண்டே வாரத்தில் ‘உரையாடல் திறன் பயிற்சி மையம்’ என்று போர்டு மாட்டி உள்ளே பெஞ்சு போட்டுவிட்டான். காலை பேட்ச், மாலை பேட்ச், இரண்டு தடவை கோட்டைவிட்டவர்களுக்கு ஸ்பெஷல் பேட்ச். எந்தக் கேள்விக்கு முகத்தைச் சுளிக்க வேண்டும், எதற்குப் பேச்சை நிறுத்தி ஒரு பெருமூச்சு விட வேண்டும், எட்டுக்கும் ‘தாங்க முடியாமல்’ என்று சொன்னால் பெட்டிக்குச் சந்தேகம் வரும் என்பதால் எந்த ஒன்றில் மட்டும் ‘நன்றாக’ என்று இறங்க வேண்டும், எல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தான். அறுபது வயது லாரி ஓனரைக்கூடத் தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினான். மூட்டு வலியோடு அவர் எப்படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் பயிற்சி கொடுத்த முட்டை வியாபாரி ஒருவர் இருபத்து மூன்று வாங்கி, முழங்கால் வலிக்கு ஊசியும் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மோட்டார் சைக்கிள் சைலன்சரில் கால் ஒட்டி வேகிறபோது, யார் வீட்டில் கறி சுடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாராம். இந்தச் சேதி வந்த அன்று சென்னியப்பனுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் சொல்வதைப்போல, பயிற்சிதான் நம் பொறுப்பு, மற்றதெல்லாம் அவரவர் பொறுப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த வாரமே மாலை பேட்ச்சில் இன்னும் இரண்டு பெஞ்சு போட வேண்டியதாயிற்று.

இந்தச் சமயத்தில் அவன் மனைவி கோகிலவாணிக்கு அக்கி வந்தது. இடது விலாவில் முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை. செம்மண் குழைத்து அக்கியும் எழுதினார்கள், ஆங்கில மாத்திரையும் சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. ஒரு வருடமாகியும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஜாக்கெட்டின் துணி உரசினால் போதும், அடுப்புக் கட்டையால் இழுத்த மாதிரி இருக்கும். ஜாக்கெட்டை இடது பக்கம் வெட்டிவிட்டு, மேலே புருஷனுடைய பழைய சட்டையைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரிந்தாள். ஃபேன் காற்றுக்கூட ஆகாது. மற்றபடி வீட்டில் ஒரு வேளைச் சோறு தவறியதில்லை.

சென்னியப்பன் நோட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் திறக்கவேயில்லை.

“எரியறத எரியுதுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க நோட்டு?” என்றாள்.

போனாள். பதினொன்று வாங்கிக்கொண்டு வந்தாள். துணி பட்டாலே வலிக்கிறதா என்று பெட்டி கேட்டதற்கு ‘லேசாக’ என்று சொல்லியிருக்கிறாள். சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். வெட்டிய ஜாக்கெட்டோடு போய் உட்கார்ந்து லேசாக என்று சொல்கிற ஒருத்தியை அவன் இருபது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை. ‘தாங்க முடியாமல்’ என்று சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினான்.

“தாங்கிக்கிட்டுத்தானுங்களே இருக்கறேன். சோறாக்கறேன், பஸ் ஏறி அங்க வரைக்கும் போறேன். அப்பறம் எப்படிங்க தாங்க முடியலைன்னு சொல்றது?”

அதற்கு அவனிடம் மாடல் விடை இல்லை. இரண்டாவது தடவை போனபோது கொஞ்சம் மனசு இறங்கிப் பதினாலு வாங்கினாள். அப்போதும் தேறவில்லை. இனிமேல் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அன்றைக்குத்தான் சென்னியப்பன் சண்டை போடுவதற்காக மையத்து டாக்டரைப் பார்க்கப் போனான்.

டாக்டர் அமலோற்பவம் திண்டுக்கல்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மையம் முழுவதற்கும் அவர் ஒருத்தர்தான் டாக்டர். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்த களைப்பு முகத்திலேயே குடியிருந்தது. வந்தவர் நோயாளியின் கணவர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். உட்காரச் சொல்லி, கோகிலவாணியின் சீட்டைப் பார்த்தார். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பதினாலுன்னா இது கண்டிப்பா நரம்பு வலிதான் சார். அக்கிக்குப் பின்னாடி இப்படித்தான் வரும். காலிங் பெல்லு கெட்டுப்போயி யாருமே வராம அடிச்சிக்கிட்டே கெடக்குற மாதிரி.”

பிறகு ஏன் ஊசி இல்லை என்று அவன் கேட்டான்.

“மாசத்துக்கு அறுபது ஊசிதான் வருது. மார்க் வரிசைல மேல இருந்து அறுபது பேருக்குப் பெட்டியே ஒதுக்கிரும். அறுபதாவது ஆளு எடுக்கறதுதான் அந்த மாசத்துக் கட்-ஆஃப். அரியலூர்ல பன்னெண்டுக்கே ஊசி கெடைக்குது. இங்க போன மாசம் இருபத்திரெண்டு. இந்த ஊர் நரம்புக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு எனக்குப் புரியல சார்.”

சென்னியப்பனுக்குப் புரிந்தது. மாதம் நூற்று நாற்பது பேரை இருபத்திரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் அவன்தான் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறான். கோகிலாவின் ஊசியை அவனுடைய மாணவர்கள்தான் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சோதித்துக் கொடுக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டான். ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் ஆகும், மாதம் முந்நூறு பேர் வருகிறார்கள், நானும் ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டாமா என்றார் டாக்டர். அவன் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். சண்டை போட வந்தது அவனுக்கு மறந்தே போயிற்று.

பஸ்ஸில் வரும்போதே யோசனை வந்துவிட்டது. அவன் மூளை அப்படி. கோகிலாவைப் பதினாலிலிருந்து இருபத்திரண்டுக்கு ஏற்ற முடியாது. ஆனால் மற்ற நூற்று நாற்பது பேரையும் கீழே இறக்கலாமே! அடுத்த மாதம் பத்து மதிப்பெண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், கோகிலா பதினாலோடு ராணி மாதிரி அறுபதுக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். இது தப்பில்லையா என்று மனசாட்சி ஒருமுறை இருமிப் பார்த்தது. அதற்கும் பதில் வைத்திருந்தான். நிஜமாக நரம்பு வலி இருக்கிறவன் டியூஷனுக்கு ஏன் வரப் போகிறான்? வருகிறதெல்லாம் மூட்டு வலியும் முதுகு வலியும். அவர்களுக்கு ஊசி கிடைக்காமல் போவது அவர்களுக்கே நல்லது, முட்டை வியாபாரியின் காலைப் போய்ப் பார்க்கட்டும். ஆக, இது துரோகம்கூட இல்லை, பொதுச் சேவை. வீடு வந்து சேர்வதற்குள் தன்னைப் பற்றி அவனுக்கு மரியாதையே கூடியிருந்தது.

மறுநாள் மூன்று பேட்ச்சிலும் போர்டில் பெரிதாக எழுதினான்: பேட்டர்ன் மாறிவிட்டது.

நாமக்கல்லில் இந்த வார்த்தைகளுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்தார்கள். இனிமேல் பெட்டி ரொம்பக் கத்துகிறவர்களை நம்பாது, அடக்கமாகச் சொல்பவர்களுக்குத்தான் ஊசி, எட்டுக்கு ஆறில் ‘இல்லவே இல்லை’, இரண்டில் ‘லேசாக’ என்று சொல்லிக்கொடுத்தான். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சந்தேகம் என்று கை தூக்கிய ஒரே ஒருவரும், அந்த ‘லேசாக’ மூன்றாவது கேள்விக்கா நாலாவதுக்கா என்றுதான் கேட்டார்.

மாத முடிவில் பட்டியல் வந்தது. நாமக்கல் கட்-ஆஃப் பதின்மூன்று. மூன்றாவது தடவையும் போய்க் கோகிலவாணி வாங்கியது அதே பதினாலு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசி.

அவள் இப்படி வாய் ஓயாமல் பேசி அவன் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இந்தத் தடவை பெட்டி நம்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு தடவையும் நம்மை நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். பீரோவிலிருந்து ஒரு நல்ல ஜாக்கெட்டை எடுத்து, சனிக்கிழமை போட்டுக்கொள்வேன் என்று கொடியில் தொங்கவிட்டாள். சென்னியப்பன் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தபடி டீயைக் குடித்தான். செய்தது எல்லாம் இதற்காகத்தானே என்று இருந்தது.

திங்கட்கிழமை நாச்சிமுத்து வந்தார். ஆந்திரா லைன் லாரி டிரைவர், ஸ்பெஷல் பேட்ச், இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவதுக்குப் போனவர். வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, செருப்புக்குள் ஈரத் துணியைச் சுற்றியிருந்தார். சர்க்கரையில் வந்த எரிச்சல், வண்டி ஓட்டும்போது ஒரு பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேதான் ஓட்டுவாராம். இதையெல்லாம் சென்னியப்பன் அதுவரை கேட்டதே இல்லை. டியூஷனில் யாரிடமும் என்ன வலி என்று கேட்கிற வழக்கம் கிடையாது. நேராகப் பாடம்தான். நாச்சிமுத்து கையில் நோட்டு இருந்தது, அதற்குள் இரண்டு மதிப்பெண் போட்ட சீட்டு.

“சார், நீங்க சொன்னத ஒண்ணு விடாமச் சொன்னனுங்க. எரியுதான்னு கேட்டுச்சு. அப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க. இல்லவே இல்லைன்னு சொன்னேன். எந்த எடத்துல தப்பு உட்டேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

கோபம் துளிகூட இல்லை. தான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அந்த மனிதன் நினைத்துக்கொண்டிருந்தார். இனி அவருக்கு அட்டெம்ப்ட்டும் கிடையாது. சென்னியப்பன் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். எழுத்து குண்டுகுண்டாக, அடிக்கோடெல்லாம் போட்டு, சுத்தமாக இருந்தது. ஒரு தப்பும் இல்லைங்க, எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க என்றான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தான்.

மறுநாள் காலை டாக்டர் அமலோற்பவம் ஆள் அனுப்பியிருந்தார். இந்த முறை அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரே மாதத்தில் ஓர் ஊருக்கே வலி போய்விட்டால் யாருக்குத்தான் தெரியாது? சந்தேகப்பட்டு, ஒரு வாரம் வீட்டுக்குப் போகாமல், தேறாதவர்களையெல்லாம் வரவழைத்துப் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுப் பார்த்திருக்கிறார். நூற்று நாற்பது பேரில் முப்பத்து மூன்று பேருக்கு நிஜமான நரம்பு வலி. உண்மையைச் சொல்லி ஒன்றிரண்டு தடவை தோற்றுப் போய், அதற்குப் பிறகுதான் அவர்கள் டியூஷனில் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இருபது பேருக்கு மேல் வாய்ப்பு முடிந்துவிட்டது.

போலீசுக்குப் போகிற எண்ணமெல்லாம் தமக்கு இல்லை, அதற்கு நேரமும் இல்லை என்றார். முறைகேடு நடந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த மாதத்தை மொத்தமாக ரத்து செய்யலாம். ரத்தானால் அது யாருக்கும் வாய்ப்பாகக் கணக்கில் வராது. பெட்டியை நிறுத்திவிட்டு, எத்தனை மாதம் ஆனாலும் எல்லாரையும் கையால் சோதித்துக் கொடுக்க மேலிடத்தில் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கியிருக்கிறார்.

“மொத்த மாசமும்னா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“மொத்த மாசமும்தான் சார். வெள்ளிக்கிழமை ஊசியும் சேத்துத்தான். உங்க வீட்டம்மாவும் வரிசைல நிக்கணும். ஆடி மாசம் ஆயிரும்.”

அப்போது மாசி நடந்துகொண்டிருந்தது. அந்த முப்பத்து மூன்று பேருக்கு மட்டும் ரத்து செய்ய முடியாதா, அறுபது பேரை விட்டுவிட முடியாதா என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தான். சட்டத்தில் அதற்கு இடமில்லை. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். ஒன்றும் ஆகாது, வெள்ளிக்கிழமை உங்கள் மனைவிக்கு ஊசி போடுவேன், நல்லபடியாகப் போடுவேன் என்றார் டாக்டர். அதை அவர் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அரை மணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். நாச்சிமுத்துவின் ஈரத் துணி கண்ணில் வந்தது, கொடியில் தொங்கிய ஜாக்கெட் வந்தது. பிறகு உள்ளே போய்ப் பேப்பர் கேட்டான். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று இரண்டு பக்கம் எழுதினான். பழக்கதோஷம், முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடும் போட்டான். டாக்டர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார்.

திரும்பி நடந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. தன் மனைவியின் ஊசியையே விட்டுக்கொடுத்து முப்பத்து மூன்று பேரைக் காப்பாற்றியவன் என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும் என்றுகூட ஓடியது. கோகிலா அழுவாள், பிறகு புரிந்துகொள்வாள். அவள் நல்லவள்.

கோகிலா சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னான். டியூஷன், கட்-ஆஃப், மாறிய பேட்டர்ன், நாச்சிமுத்து, பஞ்சு, குண்டூசி, இரண்டு பக்கக் கடிதம், ஆடி மாதம். அவள் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பெட்டி நம்பியதால் ஊசி வரவில்லை, மற்றவர்களைப் பொய் சொல்ல வைத்ததால் வந்தது என்று அவன் சொன்ன இடத்தில் மட்டும் கத்தி நின்றது. மறுபடி நறுக்கினாள்.

எல்லாம் முடிந்த பிறகு, ஜன்னல் காற்று படாதபடி சட்டையை விலாவிலிருந்து விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவள் அழவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் பார்த்திராத கோபம் அந்த முகத்தில் இருந்தது.

“ஏமாத்தறப்பவும் என்னையக் கேக்குல. ஒத்துக்கறப்பவும் என்னையக் கேக்குல. வலி மட்டும் என்னுதுங்களா?”

அந்த முப்பத்து மூன்று பேரின் கதையைக் கேட்டால் அவளே விட்டுக்கொடுத்திருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றியது. கொடுத்திருக்க மாட்டாள் என்றும் தோன்றியது. பத்தொன்பது வருடம் கூடவே இருந்தும் இதில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப கோகிலா?”

“அதையும் இப்பத்தான் கேக்கறீங்க” என்றாள் அவள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை ஆடி வந்து, ஊசியும் போட்டு, எல்லாம் முடிந்த பிறகும் அவள் சொல்லவில்லை.